இருநூற்று முப்பத்தொரு மாத்திரைகள்

செவ்வாய் நாள் 268. காலை 07:40

வடசமவெளி நிலையம், மருத்துவப் பதிவு. எழுதுபவர் டாக்டர் ரெஜினா கொறைரா. வெளியே மைனஸ் 71 டிகிரி, உள்ளே 22. காற்று, அழுத்தம், மின்சாரம் சரி.

மாதாந்தரப் பரிசோதனை முடிந்தது. நிலையத்தில் நாங்கள் நான்கு பேர். தலைவர் நல்லசிவம், வயது 44, நாடி 64. குறை ஏதும் சொல்லவில்லை. அவர் மனைவி தமயந்தி, 33, பயிர்க்கூடத்தைப் பார்ப்பவர். தலைமுடி கொட்டுவதாகச் சொன்னார். தண்ணீர்ப் பொறியாளர் நெய்னா முகம்மது, 39. எங்களுக்கு ஓராண்டு முன்பே இங்கே வந்தவர். எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது, நாடி 56. நான்காவது நான். 46 வயது, 58 கிலோ. எட்டு வருடத்துக்கு முன்பு புற்றுநோய்க்காக என் தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை ஒன்று. மற்றபடி நலம்.

நெய்னா இன்றும் காலைச் சாப்பாட்டுக்குத் தாமதம்.

நாள் 281. மாலை 16:20

நெய்னா தானாகவே மருத்துவ அறைக்கு வந்தார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். "அக்கா, எலும்புக்குள்ள குளிருது. ஹீட்டர் ஓடுதா இல்லியா?" என்றார். ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மலச்சிக்கல், மறதி, குரல் கம்மல். எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை என்கிறார். சர்க்கரை, ரத்த அணுக்கள் சரி. இதயத் துடிப்பு மெதுவாக இருக்கிறது, ஒழுங்காக இருக்கிறது. எடுத்த ரத்தத்தில் மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தேன். தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினேன்.

அவர் காயல்பட்டினம், நான் தூத்துக்குடி. வந்த புதிதில் மீனைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவோம். இன்று நான் இழுத்துப் பார்த்தும் அவர் வாய் திறக்கவில்லை.

நாள் 290. காலை 10:15

பனி உருக்கும் குழாயின் வால்வை நெய்னா மூடாமல் விட்டுவிட்டார். அரை நாள் தண்ணீர் வீண். நல்லசிவம் கோபத்தில் கத்தவில்லை, அது இன்னும் மோசம். "டாக்டர், இவருக்கு என்னன்னு எழுத்துல குடுத்துருங்க" என்றார்.

கொடுத்தேன். பூமிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அதன் வாசகம்: "உடலில் நோய் காணப்படவில்லை. நீண்ட தனிமையால் வந்த மனச்சோர்வு. வேலையில் அலட்சியமும் சோம்பலும் தெரிகின்றன. வெளிவேலை கொடுத்தால் சுறுசுறுப்பு திரும்பக்கூடும்."

நாள் 296. பகல் 12:50

நெய்னா இறந்துவிட்டார். வானொலிப் பதிவை அப்படியே எழுதுகிறேன். அவர் துளைப்பானைச் சுத்தம் செய்ய வெளியே போயிருந்தார். என் யோசனைப்படி.

11:32, நெய்னா: "துளைப்பான் கிட்ட வந்துட்டேன். கை கட்டை மாரி இருக்கு."

11:47, நல்லசிவம்: "முதல் காற்றுக் குடுவை முடியப்போகுதுங்க. ரெண்டாவதுக்கு மாத்திக்கங்க."

11:48, நெய்னா: "ஆங். மாத்துதேன்."

11:55, நல்லசிவம்: "மாத்தீட்டீங்களா?"

11:57, நெய்னா: "என்னத்த?"

11:57, நல்லசிவம்: "காத்து! காத்துக் குடுவைய!"

12:00, நெய்னா: "அக்கா இருக்காஹளா?"

12:00, நான்: "இருக்கேன் நெய்னா. இடுப்புக்கு வலப்பக்கம் சிவப்புத் திருகு இருக்கு பாரு. அதத் திருப்பு. இப்பவே."

12:03, நெய்னா: "பாத்துட்டேன். செத்த உக்காந்துட்டுத் திருப்புதேன்க்கா. ரொம்பக் குளிருது."

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. நல்லசிவம் உடை மாட்டிக்கொண்டு ஓடிச் சேர இருபத்து நான்கு நிமிடம் ஆனது. துளைப்பானில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கை சிவப்புத் திருகின்மேல் இருந்தது. திருகு திரும்பியிருக்கவில்லை.

நாள் 297. காலை 09:30

நல்லசிவமும் நானும் உடலைக் குளிப்பாட்டினோம். நெய்னாவின் முறைப்படி ஆண்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று தெரியும். நல்லசிவத்தால் தனியாகத் தூக்க முடியவில்லை, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நான் தலையைத் தாங்கிக்கொண்டேன்.

தாடிக்குக் கீழே என் விரல் பட்டது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் வீக்கம். எலுமிச்சம்பழ அளவு. இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு பட்டை.

முன்கழுத்துக் கழலை. தைராய்டு.

நான் அவன் கழுத்தைத் தொட்டே பார்க்கவில்லை. நாக்கைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், இதயத்தை இயந்திரத்தில் பார்த்தேன். கழுத்தில் கைவைத்து, "ஒரு மடக்கு தண்ணி குடி நெய்னா" என்று சொல்லியிருந்தால், அது மேலே ஏறி இறங்குவது தெரிந்திருக்கும். தினமும் காலையில் கண்ணாடியில் என் கழுத்துத் தழும்பைப் பார்க்கிறவள் நான்.

நாள் 298. காலை 11:00

281-ஆம் நாள் எடுத்த அவன் ரத்தம் குளிர்பெட்டியில் இருந்தது. எனக்காகக் கொண்டுவந்த டி.எஸ்.எச். பரிசோதனை அட்டை ஏழு இருந்தது. பத்து நிமிட வேலை.

இயல்பு நான்குக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு நூறைத் தாண்டி, கருவி எண் காட்டவே மறுத்தது.

இதைப் படிப்பவர் மருத்துவர் இல்லாமல் இருக்கலாம். அதனால் எழுதுகிறேன். தைராய்டு என்பது இருபது கிராம்கூட இல்லாத சிறு சுரப்பி. உப்பிலும் உணவிலும் வரும் அயோடினை வைத்து ஹார்மோன் செய்து ரத்தத்தில் விடும். உடல் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அந்த ஹார்மோன்தான் முடிவு செய்கிறது. கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தின்றாலும் இளைக்கும். குறைந்தால் குளிரும், உடம்பு கனக்கும், முடி கொட்டும், நினைவு மங்கும், யோசனை எறும்பாக ஊரும். குறையும்போது மூளைக்கு அடியில் இருக்கும் இன்னொரு சுரப்பி "இன்னும் செய், இன்னும் செய்" என்று ஆணை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஆணைதான் டி.எஸ்.எச். கச்சாப் பொருள் இல்லாத தைராய்டு செய்ய முயன்று முயன்று வீங்கிப்போகும்.

பார்ப்பவர்களுக்கு அது சோம்பல் மாதிரி இருக்கும். பூமியில் எத்தனை பெண்களுக்கு வீட்டில் அந்தப் பெயர்தான் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கே ஒருகாலத்தில் கிடைத்தது.

நாள் 298. மாலை 17:10

காரணம் தண்ணீர். செவ்வாய் மண்ணிலும் பனியிலும் பெர்குளோரேட் என்ற உப்பு உண்டு. அது தைராய்டுக்குள் அயோடின் நுழையும் வழியை அடைத்துக்கொள்ளும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு வடிகட்டி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியவன் நெய்னா. இரண்டு வருடமாகத் தூசியிலும் பனியிலும் கைவைத்து வேலை செய்தவனைத்தான் அது முதலில் பிடித்தது. பிடித்த பிறகு வடிகட்டி அவன் நினைவிலேயே இல்லை.

தண்ணீரைக் காய்ச்சி ஆவியைப் பிடித்தால் உப்பு அடியில் தங்கிவிடும். இன்றிலிருந்து அப்படித்தான் குடிக்கிறோம்.

நாள் 299. காலை 08:30

நல்லசிவம், டி.எஸ்.எச். 14. சுத்தமான தண்ணீர் போதும், இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடுவார். எனக்கு 1.8. நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன். அடைத்துக்கொள்ள எனக்குச் சுரப்பி இல்லை, மாத்திரை இருந்தது. அதனால்தான் நான் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தேன், மற்றவர்களைக் குறை சொன்னேன்.

தமயந்திக்கு 62. வேறொரு சோதனையும் செய்தேன். தன் உடலே தன் தைராய்டை அந்நியமாக நினைத்துத் தாக்கும் நோய், ஹாஷிமோட்டோ, அவளுக்கு முன்பே இருந்திருக்கிறது. பெண்களுக்குப் பரவலாக வருவது, பூமியில் ஒரு மாத்திரையோடு முடிந்துபோகும் விஷயம். மிச்சமிருந்த சுரப்பியைத் தண்ணீர் முடித்துவிட்டது. வடிகட்டியை மாற்றினாலும் அவளுக்கு முழுதாகத் திரும்பாது.

இதைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நா ஒண்ணு சொல்லோணும். ஒம்பது வாரம் ஆச்சுங்க. நாள் தள்ளிப்போனது குளிர்னாலன்னு நெனச்சுட்டேன்."

நாள் 301. பகல் 13:40

பூமியிலிருந்து குரல் செய்தி வந்தது: "டாக்டர் ரெஜினா, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் ஆதாரம். உடனே தொடங்குங்கள். உங்கள் கையிருப்பை இருவரும் பாதிப்பாதி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிறுத்தக் கூடாது. இன்னொரு செய்தி. சரக்குக் கலம் பழுதாகித் திரும்பிவிட்டது. அடுத்தது நாள் 590-இல் சேரும்."

எண்ணினேன். இருநூற்று முப்பத்தொன்று. குழந்தை பிறக்க இன்னும் இருநூற்று நான்கு நாள். அவளுக்குத் தினம் ஒன்று முழுதாக வேண்டும். பாதி போதாது. பாதியில் நான் தப்பிப்பேன், அவளும் தப்பிப்பாள். குழந்தை பிறக்கும், நாக்கு தள்ளி, மந்தமாக, ஆயுசுக்கும். மருத்துவம் படிக்கும்போது அப்படிப்பட்ட குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மா என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது: "எப்ப டாக்டர் என்னை அம்மான்னு கூப்பிடும்?" அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது.

பூமிக்குப் பதில் அனுப்பினேன். "சரி. பாதிப்பாதி."

நாள் 302. காலை 06:30

தமயந்திக்கு ஒன்று, வெறும் வயிற்றில். எனக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் வெறும் கையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். ஒன்றரை மாதம் ஒன்றும் தெரியாது.

நாள் 318. பகல் 12:15

நெய்னாவின் மனைவி ஜுலைஹா செய்தி அனுப்பியிருக்கிறார். மூன்று முறை கேட்டேன்.

"டாக்டர், ஒங்க கடுதாசிய ஆபீஸ்ல காட்டுனாஹ. சோம்பல்னு எழுதியிருந்துச்சு. அவஹ சோம்பேறி இல்ல டாக்டர். கல்யாணத்தன்னிக்கே தெருத் தண்ணி மோட்டர ரிப்பேர் பண்ணப் போனவஹ. கடைசியா பேசுனப்ப, 'அக்கா பாத்துக்கிடுதாஹ, பயப்படாத'ன்னு சொன்னாஹ. அதான். வேற ஒண்ணும் கேக்கல."

புதிய அறிக்கை அனுப்பினேன். "கடுமையான தைராய்டு குறைபாடு. உயிரோடு இருந்தபோது கண்டுபிடித்திருக்கலாம். மருத்துவர் கழுத்தைப் பரிசோதிக்கவில்லை. முந்தைய அறிக்கை தவறு, முழுவதும் தவறு." அவருக்கு என்று தனியாக நாலு வரி எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

நாள் 352. காலை 09:00

நாடி 58. எடை 61. குளிர் தொடங்கிவிட்டது. முழங்கைத் தோல் செதிலாகிறது. நெய்னா சொன்னது சரிதான். எலும்புக்குள்தான் குளிர்கிறது.

தமயந்தி டி.எஸ்.எச். 2.4. குழந்தை அசைவதாகச் சொல்கிறாள். என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். "ஐஸ் மாதிரி இருக்குதுங்க்கா உங்க கை," என்று சிரித்தாள். சட்டென எடுத்துக்கொண்டேன்.

நாள் 390. மாலை 15:30

நாடி 50. குரல் கட்டிவிட்டது. சளி என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லசிவம் தேறிவிட்டார், 3.1. பிரசவம் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கொடி கட்டுவது, குழந்தையைத் துடைப்பது, ரத்தப்போக்கு அதிகமானால் எந்த ஊசி. இன்று பாதியில் ஊசியின் பெயர் மறந்துவிட்டது. அவரே சொன்னார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாள் 431. காலை 10:40

தமயந்தி கண்டுபிடித்துவிட்டாள். என் புருவத்தின் வெளிப்பாதி இல்லை. முகம் ஊதியிருக்கிறது. மாத்திரை டப்பாவை மேசையில் கொட்டி எண்ணிவிட்டாள்.

"அக்கா, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நீங்க ஒண்ணுகூட முழுங்கலைல்ல?"

நான் பதிலை யோசிக்கிற வேகத்துக்கு அவள் அழுதே முடித்துவிட்டாள்.

"நீங்க முழுங்குனாத்தான் இனி நா முழுங்குவனுங்க. நெய்னாண்ணனப் பாத்துட்டு உங்களையும் பாக்கோணுமா?"

"ஒனக்கு என்னால ஒண்ணும் ஆகக் கூடாதும்மா," என்றேன். "ஒரு ஆளுக்கு ஏற்கெனவே ஆயிப்போச்சு."

கேட்கவில்லை. அவள் கண்முன்னே வாயில் போட்டேன். அவள் போனதும் துப்பி, துணியில் வைத்துக் காயவைத்தேன். ஓரம் கரைந்திருக்கிறது. முக்கால் இருக்கும். சேர்த்து வைத்தேன்.

நாள் 460. மாலை

நாடி 44. வெப்பம் 35.2. கால் வீக்கம்.

ஒவ்வொரு நாளும், துப்பிக் காயவைத்ததையே மறுபடி அவள் முன்னால் வாயில் போடுகிறேன். பிறகு எடுத்துவிடுகிறேன். சில நாள் எடுக்க மறந்து விழுங்கிவிடுகிறேன். நான்கு முறை. மன்னிக்க வேண்டும். விழுங்கிய மறுவாரம் தலை கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததும் வெட்கமாக இருந்தது.

நாள் 479. காலை

நல்லசிவம் வந்து கதவுக்குள் நின்றார். "டாக்டர், பூமி பாதிப்பாதின்னுதான சொல்லுச்சு," என்றார்.

ஆமாம் என்றேன்.

"தலைவரா உங்களை முழுங்கச் சொல்லோணும் நான்." அவர் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே அழுதார். அப்பனாக வேறு இருக்கிறார் அல்லவா. அவரை அந்த இடத்தில் நிறுத்தியதும் நான்தான்.

நாள் 501. பகல்

பெண் குழந்தை. 11:26. இரண்டு கிலோ எண்ணூறு.

நல்லசிவம்தான் எடுத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். சில சமயம் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் செய்துவிட்டார். உடனே அழவில்லை. முதுகைத் தேய் என்று சொல்ல வேண்டும். சொல் வரவில்லை. தேய்த்துக் காட்டினேன், காற்றில். அவர் தேய்த்தார்.

அழுதது. பெரிய சத்தம்.

என்னிடம் கொடுத்தார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் கழுத்தைத்தான். லேசாக வீக்கம் இருக்கிறது. நாக்கு உள்ளே இருக்கிறது. கண் என்னைத் தேடுகிறது.

நாள் 505

கடைசி அட்டை. குதிகாலில் குத்தி ஒரு சொட்டு. டி.எஸ்.எச். 38. நான்காம் நாளுக்கு அதிகம். தாயின் ரத்தத்தோடு வந்த நோய் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் சுரப்பியைச் சில மாதம் அடக்கிவைத்திருக்கலாம். சரியாகும். ஆனால் அதுவரை மருந்து வேண்டும். இப்போதே.

மீதி: முழுதாகப் பதினெட்டு. துப்பியது சில. தினம் கால் மாத்திரை என்றால் கலம் வரும்வரை போதும். தமயந்தி தனக்கு வேண்டாம் என்கிறாள். தண்ணீர் சுத்தமானதால் அவள் சுரப்பி கொஞ்சம் வேலை செய்கிறது, தாங்குவாள். எனக்குத் தரப் பார்த்தாள். எண்ணைக் காட்டினேன். 38. அவள் டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

நாள் 509

குழந்தைக்கு மருந்து கொடுத்தாயிற்றா. கொடுத்தாயிற்று என்று பதிவில் இருக்கிறது. எழுதியது நான்தான். நினைவில்லை. மறுபடி பொடித்துக்கொண்டிருந்தேன். நல்லசிவம் கையைப் பிடித்தார். இரண்டு முறை கொடுத்தால் அந்தச் சின்ன நெஞ்சு என்ன ஆகும்.

டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டேன். இனி நான் தொடக் கூடாது.

வருகிறவருக்கு. கால் மாத்திரை. காலையில். பொடித்து, தாய்ப்பாலில் ஒரு கரண்டி. பாட்டிலில் கலக்கக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். ஆறு வாரத்தில் ரத்தம் பார்க்கவும். நிறுத்தலாமா என்று மூன்று வயதில் பார்க்கவும். முன்னால் நிறுத்த வேண்டாம். அழவில்லை, தொந்தரவே இல்லை, நல்ல குழந்தை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கழுத்தைத் தொட்டுப் பார்க்கவும்.

நாள் 51… கடைசி எண் நினைவில்லை

வெப்பம் 33.9. நாடி 38. இல்லை, 38 குழந்தையின் எண். என்னுடையது அதற்குக் கீழே.

குளிரவில்லை இப்போது. அது நல்லதில்லை என்று தெரியும்.

தமயந்தி குழந்தையை என் பக்கத்தில் படுக்கவைத்தாள். என் போர்வைக்குள். சூடாக இருக்கிறது. கால் உதைக்கிறது, என் விலாவில். வலுவாக.

பேர் கேட்டாள் தமயந்தி. நீங்கதான் வெக்கோணும் என்றாள். யோசித்தேன். வந்தது. நல்ல பேர். சொல்லத் திரும்பினேன், குரல் வரவில்லை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் எழுதி வையுங்க்கா என்றாள்.

எழுதத்தான் எடுத்தேன். இவ்வளவும் எழுதிவிட்டேன், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். குழந்தை பார்க்கிறது. இதோ எழுதுகிறேன். பேர்